நான்காவது பாடம்

மே மாதத்தின் முற்பகுதியில் கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு முடிவுகள் வெளியாகின்றன. அன்றிலிருந்து சில வாரங்களுக்குத் திருவனந்தபுரத்துக் குடும்பங்களில் பேச்செல்லாம் ஒன்றே: பிளஸ் ஒன் வகுப்பில் எந்தக் குரூப்பை எடுப்பது? சாலைக் கடைத்தெருவில் தலைமுறைகளாக வணிகம் செய்து வருவோர், கரமனை, வலியசாலை அக்கிரகாரங்களில் வசிப்போர், நாகர்கோவிலிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் பணி நிமித்தம் இங்கு வந்து குடியேறியோர் என நம் தமிழ் வாடிக்கையாளர்கள் பலரும் ஆண்டுதோறும் இக்கேள்வியைச் சந்திக்கின்றனர். கழக்கூட்டத்தில் 1990ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட டெக்னோபார்க்கைக் கண்ணெதிரே கொண்ட நகரம் இது. ஆகவே, பட்டியலில் ‘கம்ப்யூட்டர்’ என்ற சொல் தென்பட்டவுடன் பிள்ளைகளின் கண்கள் அங்கேயே நின்றுவிடுவதில் வியப்பில்லை.

பத்தாம் வகுப்பு வரை இவ்விஷயத்தில் தேர்வு என்ற பேச்சுக்கே இடமில்லை. கேரள மாநிலப் பாடத்திட்டத்தில் தகவல் தொழில்நுட்பம் எஸ்.எஸ்.எல்.சி.யின் கட்டாயப் பாடங்களுள் ஒன்று. கணினியின் முன் அமர்ந்து செய்து காட்டும் தேர்வாக அது நடைபெறுகிறது. 2001ஆம் ஆண்டு தொடங்கிய ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டமும், 2017இல் அதன் வழித்தோன்றலாக அமைந்து பூஜப்புரையிலிருந்து இயங்கும் ‘கைட்’ நிறுவனமும் இதற்கு அடித்தளமிட்டன. இங்குள்ள பள்ளிகள் கட்டற்ற மென்பொருளையே பயன்படுத்துகின்றன. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001ஆம் ஆண்டு ஜூலையில் தொடங்கப்பட்டதும் இதே திருவனந்தபுரத்தில்தான். இதில் பெற்றோரின் பணப்பைக்கும் ஒரு நன்மை உண்டு. பள்ளியில் பிள்ளை பயன்படுத்தும் லினக்ஸ் இயங்குதளத்தையும் பிற மென்பொருள்களையும் வீட்டிலுள்ள பழைய கணினியில் செலவின்றி நிறுவிக்கொள்ளலாம். பிளஸ் ஒன் கணினிப் பாடத்திற்கென்றே விலையுயர்ந்த மடிக்கணினி வாங்க வேண்டுமென்று யாரேனும் கூறினால் அவசரப்பட வேண்டியதில்லை.

பத்தாம் வகுப்பைத் தாண்டியவுடன் நிலைமை மாறுகிறது. கேரள மேல்நிலைக் கல்வியில் ஆங்கிலம் ஒரு பகுதி. மலையாளம், இந்தி, தமிழ் முதலியவற்றுள் ஒன்று இரண்டாம் மொழி. மூன்றாம் பகுதியில் நான்கு விருப்பப் பாடங்கள். இந்த நான்கையும் மாணவர் தாமே ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொள்ள இயலாது. அரசு வகுத்துள்ள பாடத்தொகுதிகளுள் ஒன்றை முழுமையாக ஏற்க வேண்டும். பல தொகுதிகளில் மூன்று பாடங்கள் பொதுவாக இருக்க, நான்காவது மட்டும் மாறும். கணினி அந்த நான்காவது இடத்தில்தான் வந்து அமர்கிறது. அது அமரும்போது எழுந்து செல்லும் பாடம் எது என்பதைப் பார்க்காமல் முடிவெடுப்பதே இங்கு நேரும் பெரும் பிழை.

அறிவியல் பிரிவில் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் நிற்கின்றன. கணினி அறிவியல் வந்தால் எழுந்து செல்வது உயிரியல். வணிகவியலில் வணிகக் கல்வியும் கணக்குப் பதிவியலும் பொருளியலும் நிற்கின்றன. கணினிப் பயன்பாடு வந்தால் பெரும்பாலும் எழுந்து செல்வது கணிதம் அல்லது புள்ளியியல். ‘கம்ப்யூட்டர் எடுத்தேன்’ என்று இரு மாணவர்களும் ஒரே சொல்லைத்தான் சொல்வார்கள். ஆனால் இருவரும் கொடுத்த விலை வேறு.

அறிவியல் பிரிவு

இப்பருவத்தில் நகரின் பல வீடுகளில் இப்படியோர் உரையாடலைக் கேட்கலாம்.

“அப்பா, எனக்குக் கம்ப்யூட்டர்தான் வேணும். பி.டெக். அதுலதான் படிக்கப் போறேன்.”

“கம்ப்யூட்டரை எப்ப வேணும்னாலும் படிச்சுக்கலாம் மக்களே. பயாலஜியை இப்ப விட்டா பிறகு கிடைக்காது.”

மகள் சொல்வதும் தந்தை சொல்வதும் பாதி சரி. பொறியியற் கல்லூரியில் கணினிப் பொறியியல் படிக்க, மேல்நிலையில் கணினி அறிவியல் படித்திருக்க வேண்டும் என்ற விதி எங்குமில்லை. கேரளத்தின் ‘கீம்’ தரவரிசையில் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணுடன் சேர்த்துக்கொள்ளப்படுபவை கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகியவற்றின் பிளஸ் டூ மதிப்பெண்களே. வேதியியல் படிக்காதவருக்கு மட்டுமே அதன் இடத்தில் கணினி அறிவியல் மதிப்பெண் எடுத்துக்கொள்ளப்படும். எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டின் பொறியியற் கலந்தாய்விலும் இதே நிலைதான்: கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃப் மதிப்பெண்ணில் கணினிக்கு இடமே இல்லை. பல்கலைக்கழகங்களும் முதலாண்டிலேயே நிரலாக்கத்தை அடிப்படையிலிருந்து கற்பிக்கின்றன. ஆகவே உயிரியல் தொகுதியில் படித்த மாணவிக்கும் கணினிப் பொறியியலின் வாயில் அதே அளவு திறந்திருக்கிறது. மாறாக, கணினித் தொகுதியை எடுத்தவருக்கு மருத்துவம், செவிலியர் கல்வி போன்றவற்றின் வழக்கமான பாதை அடைபடுகிறது. தந்தையின் கூற்றில் உள்ள நியாயம் இது.

எனினும், வாயில்கள் பலவற்றைத் திறந்து வைத்திருப்பது மட்டுமே இரண்டாண்டுப் படிப்பின் நோக்கமாகிவிடாது. கேரளத்தில் உயிரியல் என்பது தாவரவியலும் விலங்கியலும் இணைந்த பாரமான பாடம். மருத்துவத்தில் சிறிதும் நாட்டமில்லாத மாணவி, ‘எதற்கும் இருக்கட்டும்’ என்பதற்காக அதைச் சுமந்தால், அந்நேரம் கணிதத்திலிருந்தும் இயற்பியலிலிருந்தும்தான் பறிபோகும். சேர்க்கையைத் தீர்மானிப்பவையோ அவ்விரு பாடங்கள். நாம் பெற்றோரிடம் கேட்கச் சொல்லும் கேள்வி எளியது: இப்பிள்ளை நீட் தேர்வு எழுதும் எண்ணம் உண்மையாகவே கொண்டிருக்கிறதா? பிள்ளையே ‘இல்லை’ என்று தெளிவாகச் சொல்லுமானால், உயிரியலை விடுவதில் இழப்பு ஏதுமில்லை. ஐயம் இருந்தால் உயிரியலை வைத்துக்கொண்டு கணினியை வேறு வழியில் கற்கலாம். அவ்வழியைப் பின்னர் கூறுவோம்.

கணினி அறிவியல் பாடத்தில் உள்ளது என்ன என்பதையும் பார்த்துவிட வேண்டும். பத்தாம் வகுப்பில் படம் வரைந்ததும் சிறு விளையாட்டு நிரல் அமைத்ததும் போலவே இதுவும் இருக்கும் என்று நம்பிச் சேர்ந்து திகைப்போர் உண்டு. தற்போது நடைமுறையிலுள்ள பாடநூல்களின்படி, முதலாண்டில் எண் முறைகளும் சி பிளஸ் பிளஸ் மொழியும் இடம்பெறுகின்றன. இரண்டாமாண்டில் சுட்டிகள், தரவுக் கட்டமைப்புகள், எச்.டி.எம்.எல்., ஜாவாஸ்கிரிப்ட், பி.எச்.பி., எஸ்.கியூ.எல். என நீள்கிறது. கணிதத்தில் படிப்படியாகச் சிந்திக்கப் பழகியவருக்கு இது இன்பம். மனப்பாடத்தை நம்புவோருக்குச் சோதனை. பாடநூல்களை அரசின் இணையதளத்திலிருந்து இலவசமாகப் பதிவிறக்கலாம். விண்ணப்பிக்கும் முன் அதில் ஓர் அத்தியாயத்தைப் பிள்ளையுடன் அமர்ந்து படித்துப் பார்ப்பது, பத்துப் பேரிடம் ஆலோசனை கேட்பதைவிடப் பயன் தரும்.

மதிப்பெண் முறையும் கவனத்துக்குரியது. ஈராண்டுக்கும் சேர்த்து ஒரு பாடத்துக்கு 200 மதிப்பெண். செய்முறைப் பாடமான கணினிக்கு ஆண்டுதோறும் எழுத்துத் தேர்வில் 60, தொடர் மதிப்பீட்டில் 20. இரண்டாமாண்டின் இறுதியில் செய்முறைத் தேர்வுக்கு 40. தேர்ச்சிக்கு ‘டி பிளஸ்’, அதாவது 30 விழுக்காடு தேவை. எழுத்துத் தேர்வில் தனியாகவும் அதை எட்ட வேண்டும். ஆய்வகத்தில் முழு மதிப்பெண் பெற்றாலும் எழுத்துத் தேர்வில் சறுக்கினால் அது கைகொடுக்காது.

வணிகவியல் பிரிவு

நம் வாசகர்களுள் வணிகக் குடும்பத்தினர் மிகுதி என்பதால் இங்குச் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. கடையைப் பிற்காலத்தில் பார்த்துக்கொள்ளப் போகும் பிள்ளைக்குக் கணினியுடன் கூடிய வணிகவியல் என்பது இயல்பான தேர்வாகத் தோன்றுகிறது. பொருத்தமானதும்கூட. கணினிப் பயன்பாட்டுப் பாடத்தில் சி பிளஸ் பிளஸ் மொழியின் தொடக்கப் பகுதி, இணையப் பக்க வடிவமைப்பு, தரவுத்தளம், நிறுவன வளத் திட்டமிடல் ஆகியவை உள்ளன. கணக்குப் பதிவியலிலேயே கணினிவழிக் கணக்கியல் என்றொரு தனிப் பகுதி உண்டு. விரிதாளில் ஊதியப் பட்டியலும் தேய்மானக் கணக்கும் போடப் பயிற்றுவிக்கிறார்கள். ஜி.எஸ்.டி. படிவங்களுடன் மாதந்தோறும் மல்லுக்கட்டும் எந்தக் கடைக்காரரும் இதன் அருமையை உணர்வார்.

விலையோ கணிதம். பத்தாம் வகுப்பில் கணிதம் கசந்த மாணவர்கள் அதிலிருந்து தப்பிக்கும் வழியாகவே இத்தொகுதியைத் தேடி வருவதும் உண்டு. அவர்கள் அறிய வேண்டுவன சில உள்ளன. கேரளப் பொறியியல் கல்விக்கு இப்பாதையில் செல்ல இயலாது. எம்.சி.ஏ. போன்ற முதுகலைக் கணினிப் படிப்புகளில், பி.காம். பட்டதாரியிடம் மேல்நிலையிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்திருக்க வேண்டும் என்று கேட்கும் பல்கலைக்கழகங்கள் பல. தேசியத் தொழில்நுட்பக் கழகங்களில் எம்.சி.ஏ. சேர்வதற்கான ‘நிம்செட்’ தேர்வு, பட்டப்படிப்பில் கணிதம் அல்லது புள்ளியியல் படித்தவரையே எதிர்பார்க்கிறது. அத்தேர்வின் வினாக்களிலும் கணிதத்துக்கே முதலிடம். பட்டயக் கணக்காளர் படிப்புக்கு மேல்நிலையில் கணிதம் கட்டாயமில்லை என்பது உண்மைதான். ஆனால் அதன் அடிப்படைத் தேர்வில் வணிகக் கணிதமும் புள்ளியியலும் அடங்கிய 100 மதிப்பெண் தாள் காத்திருக்கிறது. கணிதத்தை வாசலில் விட்டு வந்தவரை அது அங்கே வந்து சந்திக்கும்.

ஆக, வணிகவியல் மாணவர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியது ‘கணினி வேண்டுமா, வேண்டாமா’ என்பதன்று. கணினித் துறையிலேயே பணியாற்ற விரும்பும் வணிகவியல் மாணவருக்குக் கணிதத் தொகுதியே பெரும்பாலும் நீண்ட பாதையைத் தரும் என்பது நம் கருத்து. கேட்பதற்கு முரணாகத் தோன்றலாம். கணினியைத் தொழிலின் கருவியாகக் கொண்டு கணக்கு, வங்கி, வணிகம் எனச் செல்ல விரும்புவோருக்குக் கணினிப் பயன்பாடு போதும். கைக்கு உடனே பயன்படுவதும் அதுவே. பி.சி.ஏ. படிக்க எண்ணுவோர், தாம் சேர விரும்பும் பல்கலைக்கழகம் மேல்நிலையில் எப்பாடங்களைக் கேட்கிறது என்பதை அதன் தகவல் கையேட்டிலேயே பார்த்துவிட்டுத் தீர்மானிக்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் விதி வேறுபடுகிறது.

மானிடவியல் பிரிவிலும் கணினிப் பயன்பாடு கொண்ட தொகுதிகள் உண்டு. இதழியல், நூலகவியல், அரசுப் பணி ஆகியவற்றை நாடுவோருக்கு அவை நன்று.

பெயரும் பொருளும்

ஒரே பெயரின்கீழ் வெவ்வேறு பொருள் ஒளிந்திருப்பது நம் நாட்டுக்கு மட்டும் உரிய சிக்கலன்று. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளியை முடிக்கக் கணினி அறிவியலில் ஓர் அலகு கட்டாயம் என்ற விதி நெடுங்காலம் இருந்தது. ஆனால் விசைப்பலகைத் தட்டச்சு கற்றாலே அந்த அலகு நிறைவடைந்ததாகக் கொள்ளப்பட்டது. பிற்பாடு அதைத் திருத்த வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டிலும் பிளஸ் டூ கணினி அறிவியல் என்றால் ஸ்டார் ஆபீஸ் மென்பொருளும் சி பிளஸ் பிளஸ்ஸும் என்று ஒரு காலம் இருந்தது. புதிய பாடநூல்களில் பைத்தான் மொழி அவ்விடத்தைப் பிடித்துள்ளது.

சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். அங்கே கணினி அறிவியல், தகவலியல் நடைமுறைகள் என இரு பாடங்கள் உள்ளன. இரண்டிலும் பைத்தானும் எஸ்.கியூ.எல்.லும் உண்டு, இரண்டிலும் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 30. முன்னது நிரலாக்கத்தின் ஆழத்துக்கும், பின்னது தரவுகளைக் கையாள்வதற்கும் முக்கியத்துவம் தருகிறது. இரண்டையும் ஒருசேர எடுக்க அனுமதியில்லை. ஆறாவது பாடமாகக் கூடுதலாக ஒன்றை எடுக்கும் வசதி அங்கிருப்பதால், பள்ளி இடமளித்தால் உயிரியலையும் கணினியையும் சேர்த்தே படிக்கலாம். மாநிலப் பாடத்திட்டத்தில் இல்லாத இந்த நெகிழ்ச்சி, சில குடும்பங்கள் பள்ளியையே மாற்றக் காரணமாகிறது. கல்விக் கட்டண வேறுபாட்டையும் கணக்கில் கொண்டு முடிவெடுப்பது நலம்.

மேல்நிலைத் தொழிற்கல்விப் பள்ளிகளைப் பலரும் இரண்டாந்தரமாகக் கருதுவது நமக்கு உடன்பாடன்று. அங்கே இளநிலை மென்பொருள் உருவாக்குநர், கணினி மற்றும் துணைக்கருவிகள் பழுதுநீக்குநர் போன்ற பணிகளுக்கான பயிற்சி, தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பின்படி அளிக்கப்படுகிறது. இயற்பியல், வேதியியல், கணிதம் உடன் இருக்கும் தொகுதியானால் மேற்படிப்பும் அடைபடாது. பதினெட்டு வயதில் சம்பாதிக்கத் தொடங்க வேண்டிய கட்டாயம் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு இது மதிப்புள்ள வழி.

சான்றிதழும் செலவும்

உயிரியலையோ கணிதத்தையோ வைத்துக்கொண்டு கணினியைக் கற்க வேறு வழி உண்டு என்றோம். மாநிலத் திறந்தநிலைக் கல்வி அமைப்பான ஸ்கோல் கேரளா, மேல்நிலைப் பள்ளிகளிலேயே டி.சி.ஏ. எனப்படும் கணினிப் பயன்பாட்டுப் பட்டயப் படிப்பை நடத்துகிறது. அரசுப் பணிகளை நாடுவோருக்கு இத்தகைய அங்கீகாரம் பெற்ற சான்றிதழ்களே கைகொடுக்கும். கேரளப் பொதுப் பணியாளர் தேர்வாணையத்தின் தட்டச்சர் பணிக்கு கே.ஜி.டி.இ. தட்டச்சுத் தேர்ச்சியுடன் கணினிச் சொற்செயலித் தகுதியும் கேட்கப்படுகிறது. தமிழ்நாட்டில் அதற்கு இணையாக, தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் அலுவலகத் தானியக்கச் சான்றிதழ் உள்ளது. எந்த மாநிலத்தில் பணி தேடப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அம்மாநிலம் ஏற்கும் சான்றிதழுக்குப் பணம் கட்டுங்கள். வண்ணத் துண்டுப் பிரசுரங்களில் நூறு விழுக்காடு வேலை உறுதியென்று அச்சிடும் பயிற்சி நிலையங்களிடம் ஒரே கேள்வி போதும்: ‘இச்சான்றிதழை வழங்குவது யார்?’

கடனைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். கல்விக் கடன் திட்டங்கள் பொதுவாக மேல்நிலைக்குப் பிந்தைய, உரிய அமைப்புகளின் அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கானவை. அங்கீகாரமற்ற கணினிப் பயிற்சிக்குக் கடன் கேட்டு வரும் வாடிக்கையாளர்களை நாம் ஏமாற்றத்துடன் திருப்பியனுப்ப நேர்கிறது. திறன் தகுதிக் கட்டமைப்பில் அமைந்த குறுகியகாலப் பயிற்சிகளுக்கெனத் திறன் மேம்பாட்டுக் கடன் தனியே உள்ளது. கல்விக் கடனின் வட்டிக்கு வருமான வரியில் எட்டு ஆண்டுகள் வரை கழிவு பெறலாம். புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு இச்சலுகை கிடையாது. மேல்நிலைக் கல்விச் செலவைப் பொறுத்தவரை, பத்தாம் வகுப்புத் தொடக்கத்திலேயே ஒரு சிறு தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கி வைத்திருப்போர், கோச்சிங் கட்டணம் வந்து நிற்கும்போது நகையைத் தேடிப் போவதில்லை.

விண்ணப்பத்தின் வரிசை

சேர்க்கை, ஏகஜாலகம் எனப்படும் ஒற்றைச் சாளர முறையில் இணையவழி நடைபெறுகிறது. இதில் விருப்பம் என்பது பள்ளியும் பாடத்தொகுதியும் சேர்ந்த ஓர் இணை. ‘பெயர் பெற்ற பள்ளி, உயிரியல்’ என்பது ஒரு விருப்பம். ‘வீட்டருகேயுள்ள பள்ளி, கணினி அறிவியல்’ என்பது மற்றொன்று. பள்ளியின் பெயருக்காக முன்னதை முதலிடத்தில் எழுதி, அது கிடைத்தும் விட்டால், கீழே எழுதிய விருப்பங்கள் யாவும் தாமாகவே நீங்கிவிடும். முதல் விருப்பம் கிடைத்தவர் நிரந்தரச் சேர்க்கையே பெற வேண்டும். சேராது நின்றால் அச்சுற்றுகளிலிருந்து வெளியேற நேரும். கீழ்நிலை விருப்பம் கிடைத்தவர் மட்டும் தற்காலிகச் சேர்க்கை பெற்று, மேலே உள்ளதற்காகக் காத்திருக்கலாம். எனவே பிள்ளை மனமாரப் படிக்க விரும்பும் தொகுதியை முதலில் முடிவு செய்து, அத்தொகுதி உள்ள பள்ளிகளை மேலிருந்து வரிசைப்படுத்துவதே முறை. இரண்டாம் மொழியாகத் தமிழை விரும்புவோர், அப்பள்ளியில் தமிழ் உண்டா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாப் பள்ளிகளிலும் அது இல்லை.

முதல் ஒதுக்கீட்டுக்கு முன்னர் சோதனை ஒதுக்கீடு ஒன்று வெளியாகும். எவ்விடம் கிடைக்கக்கூடும் என்பதை அது ஏறத்தாழக் காட்டிவிடும்; அதைக் கண்ட பின்னரும் குறிப்பிட்ட நாள்களுக்குள் வரிசையைத் திருத்தலாம். முதன்மை ஒதுக்கீடுகளும் துணை ஒதுக்கீடும் முடிந்த பிறகு, மீந்துள்ள இடங்களுக்குப் பள்ளி மாற்றமும் பாடத்தொகுதி மாற்றமும் கோரி விண்ணப்பிக்க ஒரு வாய்ப்பு தரப்படுகிறது. வகுப்புகள் தொடங்கிச் சில வாரங்கள் கடந்திருக்கும் அவ்வேளையில், சி பிளஸ் பிளஸ்ஸோ தாவரவியலோ பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்பது வீட்டாருக்கு ஓரளவு தெரிந்திருக்கும். அறிவிப்பு வெளியான நாளிலிருந்து விண்ணப்பிக்கக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு என்பதால், பள்ளி அறிவிப்புப் பலகையை அந்நாள்களில் தவறாது பார்த்து வருவது நல்லது.